அவன் எப்படிப் போனான்?

(ராயபுரத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு. பேச்சின் நடையை மாற்றாமல், கிளைக்கதைகளைக் குறைத்து அச்சுக்காகச் செப்பம் செய்தது.)



இந்த அரங்கிலிருந்து துறைமுகம் அதிக தூரமில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் அங்கே குண்டு பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் கப்பல் போய்விட்டது. நூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் கதை வடசென்னையில் உயிரோடு இருக்கிறது. உயர் நீதிமன்ற மதிலில் குண்டு பட்ட இடத்துக்குக் கல்வெட்டு உண்டு. கப்பல் தலைவன் ஃபான் முல்லரின் பெயர்கூட நமக்குத் தெரியும்.

அதே போருக்குச் சென்னை மாகாணத்திலிருந்து போய்த் திரும்பாதவர்களில் ஒருவனுடைய பெயரை இந்த அவையில் யாராவது சொல்ல முடியுமா? முடியாது. அது உங்கள் குற்றமல்ல. அந்தப் பெயர்களை நம் கண்ணில் படும்படி யாரும் வைக்கவில்லை.

இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. போரில் மாண்ட சிப்பாய்க்கு உலகம் எழுப்பிய சின்னங்கள் அவன் எங்கே, எந்த நாளில், எந்தப் படையில் செத்தான் என்று சொல்கின்றன. அவன் எப்படிப் போனான் என்பதை அநேகமாக எதுவும் சொல்வதில்லை. விரும்பிப் போனானா, சட்டம் இழுத்துக்கொண்டு போனதா, பசி தள்ளியதா, வீட்டு வாசலில் வந்து பிடித்துப் போனார்களா? பத்தொன்பது வயதில் செத்தவனுக்குச் சொல்லிக்கொள்ள வேறு வரலாறு இல்லை. படைக்குப் போனதுதான் அவன் வாழ்க்கையின் பெரிய நிகழ்ச்சி. அதை விட்டுவிட்டு அவனை நினைவுகூர்வது பாதி நினைவுதான்.

1

இறந்த வீரனுக்குச் சின்னம் எழுப்பும் மரபு தமிழ்நாட்டில் நடுகல்லில் தொடங்குகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல்லைத் தேர்வதிலிருந்து வணங்குவதுவரை தொல்காப்பியம் படிநிலை வகுத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்டவை. அவற்றில் ஒன்று ஓர் ஆநிரைப் பூசலில் இறந்தவனின் பெயரையும் ஊரையும் சொல்கிறது. மூன்றே வரி.

செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இன்னும் தெளிவாகப் பேசும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, செத்தவன் யாருடைய சேவகன், எந்தத் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கும்போது பட்டான் என்றெல்லாம் வரிசையாக வரும். யார் அனுப்பி, எதற்காகப் போனான் என்பது கல்லிலேயே இருக்கிறது. அவன் மீட்கப் போனது பெரும்பாலும் தன் ஊர் மாடுகளை. சண்டையின் காரணம் அவன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது.

எடுத்தனூர் நடுகல்லை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். வில்லும் கையுமாக வீரன் நிற்கிறான். அவன் பின்னால் ஒரு நாய். கள்ளர் இருவரைக் கடித்துத் தன் எசமானன் அருகே காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கருந்தேவக்கத்தி சிற்றரசனல்ல, ஒரு சேவகன். அவனுக்கும் பெயர் உண்டு, அவன் நாய்க்கும் பெயர் உண்டு.

அடுத்துச் சொல்லப்போவதைக் கேட்கும்போது அந்த நாயின் பெயரை மறக்காமல் இருங்கள்.

2

முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் போனார்கள். 74,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சட்டப்படி இவர்கள் எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். இந்தியர்களுக்குக் கட்டாயப் படைச்சேவை என்று ஆங்கில அரசு சட்டம் போடவில்லை. 1917இல் வந்த இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் இங்கே குடியிருந்த ஐரோப்பியர்களுக்குத்தான் படைச்சேவையைக் கட்டாயமாக்கியது.

ஆனால் 'தாமாக முன்வந்தார்கள்' என்று ஆவணத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1918 ஏப்ரலில் டெல்லியில் போர் மாநாடு கூடியது. அந்த ஜூன் மாதம் தொடங்கி ஓராண்டுக்குள் இந்தியா ஐந்து லட்சம் பேரைத் தர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். மாகாணத்துக்கு இத்தனை, மாவட்டத்துக்கு இத்தனை என்று கணக்கு இறங்கியது. பஞ்சாபில் அந்தக் கணக்கை நிரப்பக் கிராம அதிகாரிகள் என்னென்ன செய்தார்கள் என்பதைக் காந்தியடிகள் பங்கேற்ற காங்கிரஸ் விசாரணைக் குழு 1920இல் பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது.

அதே 1918இல் நம் வடசென்னை எப்படி இருந்தது? ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் பக்கம் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சங்கம். அரிசி விலையும் துணி விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தன. செப்டம்பரில் சென்னையில் மக்கள் கடைகளையும் மண்டிகளையும் சூறையாடினார்கள். அதைத் தொடர்ந்து விஷக் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியது. அந்த நேரத்தில் பட்டாளத்தில் சேர்ந்தால் மாதம் 11 ரூபாய் சம்பளம், சாப்பாடு இலவசம். வீட்டில் நாலு வயிறு காத்திருக்கும்போது பதினெட்டு வயதுப் பையன் ஆளெடுப்புக் கச்சேரி வாசலில் போய் நின்றால், அதை விருப்பம் என்று எழுதிக்கொள்ளலாமா? எழுதிக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சென்னைப் படைக்காரர்கள் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று முடிவு கட்டி, 1880களிலிருந்தே அவர்களின் படைப்பிரிவுகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். அந்த முடிவை எடுத்தவர்களில் முக்கியமானவர் சென்னைப் படைத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ். போர் வந்ததும் கதவு திறந்தது. ஒடுக்கப்பட்ட சாதி இளைஞர்கள் சாப்பர்களாகவும் பயனியர்களாகவும் பாலம் கட்டப் போனார்கள், பதுங்குகுழி வெட்டப் போனார்கள். போர் முடிந்தது, 1933இல் சென்னைப் பயனியர் படையையே கலைத்துவிட்டார்கள். வேண்டும்போது கூப்பிட்டு, வேண்டாதபோது அனுப்பிய கதை இது. இதைச் சொல்லும்போது கோபம் வருவது இயல்பு. வர வேண்டும்.

எப்படிப் போனான் என்று தெரியாமல் எப்படிச் செத்தான் என்று மட்டும் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு டாங்கா ஒரு சான்று. 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க இந்தியாவிலிருந்து சுமார் 8,000 பேர் கொண்ட படை போனது. அதில் 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் ஒன்று. லெட்டோ ஃபோர்பெக் தலைமையில் சுமார் ஆயிரம் பேர் மட்டுமே இருந்த ஜெர்மானியத் தரப்பிடம் அந்தப் படை படுதோல்வி அடைந்தது. பாளையங்கோட்டைக்காரர்கள் சிதறி ஓடினார்கள் என்று ஆங்கிலேயர் எழுதிய போர் வரலாறுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அவர்கள் அக்டோபர் நடுவில் பம்பாயில் கப்பல் ஏறி, இரண்டு வாரத்துக்கு மேல் நெரிசலில் அடைந்து கிடந்து, கடல் மயக்கம் தெளியாமலேயே கரை இறக்கப்பட்டார்கள். எதிரிக்கு முன்கூட்டியே தகவல் போய்ச் சேர விட்டது தளபதி எய்ட்கன் தரப்பு. ஓடினான் என்பதைப் பதிந்தவர்கள், எந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தினோம் என்பதை அதே அழுத்தத்தோடு பதியவில்லை.

சரி, செத்தவர்களுக்கு என்ன செய்தார்கள்? சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் சிறு கல்பலகைகள் பதித்தார்கள். பழைய கச்சேரிச் சுவரிலோ சாவடியிலோ இன்றும் சில இருக்கின்றன. ஒரே வாசகம்தான்: இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். வாசகம் முன்பே முடிவானது. ஊருக்கு ஊர் எண் மட்டும் மாறும். சுண்ணாம்பு பூசிப் பூசி எழுத்து மங்கிய பலகையில் விரல் வைத்துத் தடவினால் அந்த எண்தான் அகப்படும். ஊர்க்காரர்களுக்கு அந்த ஐந்து பேரும் யாரென்று அன்று தெரிந்திருக்கும். இரண்டு தலைமுறை போனதும் ஐந்து என்பதுதான் மிச்சம்.

ஈராக்கில் பாஸ்ரா நினைவுச்சின்னம் 1929இல் திறக்கப்பட்டது. மெசப்பொட்டேமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டோருக்கானது. அதில் ஆங்கிலச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய சுபேதாருக்கும் ஜமேதாருக்கும் பெயர் உண்டு. அதற்குக் கீழே இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு, படைப்பிரிவின் பெயருக்கு அடியில் 'மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்' என்ற வகையில் தொகை மட்டும்தான்.

இது கவனக்குறைவு அல்ல, கொள்கை. அதை 2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையமே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரே இல்லாமல் அல்லது எந்தச் சின்னமுமே இல்லாமல் விடப்பட்டார்கள். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கோவிவனுக்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்க நூறாண்டு போதவில்லை.

3

சென்னையிலேயே பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டம். தெற்கிலும் கிழக்கிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க்காலக் கல்லறைகளைப் பராமரிப்புக்காக ஒன்று சேர்த்து, 1950களின் தொடக்கத்தில் அமைத்தார்கள். 850க்கும் மேற்பட்ட கல்லறைகள். முதல் உலகப் போரில் இறந்து இந்தியாவில் ஆங்காங்கே புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அங்கே படுத்திருக்கும் ஆங்கிலப் பையன்களிடம் நமக்குக் கோபம் இருக்கத் தேவையில்லை. 1916 ஜனவரியில் பிரிட்டன் மணமாகாத ஆண்களுக்குக் கட்டாயப் படைச்சேவையைக் கொண்டுவந்தது. அடுத்த போர் தொடங்கிய 1939 செப்டம்பர் 3 அன்றே 18 முதல் 41 வயதுவரை உள்ள ஆண்களைக் கட்டாயச் சேவைக்கு உட்படுத்திச் சட்டம் நிறைவேற்றியது. லங்காஷயர் ஆலையிலோ வேல்ஸ் சுரங்கத்திலோ வேலை செய்துகொண்டிருந்தவனுக்குத் தபாலில் ஓர் உறை வந்தது; கிளம்பினான். பர்மாப் போர்முனைக்கென்று கப்பல் ஏறி, நம் ஊர் மருத்துவமனைகளில் காயத்தாலும் காய்ச்சலாலும் செத்தவர்கள் உண்டு. கல்லில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், தெரிந்தால் வயது. குடும்பத்தார் சொல்ல விரும்பியது 66 எழுத்துக்குள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது ஆணையத்தின் தொடக்கக் கொள்கை. மேலான கொள்கை.

ஆனால் அங்கேயும் உறை வந்த செய்தி இல்லை. இவன் தானாகச் சேர்ந்தான், இவனை அழைத்து வந்தார்கள் என்ற வேறுபாடு எந்தக் கல்லிலும் கிடையாது. வாஷிங்டனில் மாயா லின் என்ற மாணவி வரைந்து 1982இல் எழும்பிய வியட்நாம் சுவரிலும் அப்படித்தான். 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள், இறந்த நாள் வரிசையில், பதவிகூட இல்லாமல். பிறந்த தேதியைக் குலுக்கிப் போட்டு ஆளெடுத்த போர் அது. குலுக்கலில் விழுந்தவன் பெயரும் தானாகப் போனவன் பெயரும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் ஆல்ரூவாஸில் 2001இல் திறந்த சின்னம். முதல் உலகப் போரில் ஓடிப்போனதற்காகவும் பயந்ததற்காகவும் தங்கள் படையே சுட்டுக் கொன்ற 306 பேருக்கு 306 மரக்கம்பங்கள். நடுவில் கண் கட்டிய பையனின் சிலை. ஹெர்பர்ட் பர்டன் என்ற சிப்பாயின் நினைவில் வடித்தது. வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்தவன். 1915இல் சுடப்பட்டபோது அவனுக்கு 17 வயது. 2006இல் இவர்களுக்கு நாடாளுமன்றம் மன்னிப்பு வழங்கியது. என்ன நடந்தது என்பதை அந்தச் சின்னம் மறைக்கவில்லை. சுட்டவர்களின் நாட்டிலேயே அது நிற்கிறது.

4

இந்தப் பகுதியைப் பேசாமல் விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் உண்மையாகவே கட்டாயத்தின் பேரில் படைக்குப் போய்ச் செத்தது எங்கே என்று கேட்டால், பதில் இலங்கையின் வன்னி.

விடுதலைப் புலிகள் இயக்கத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள் பல்லாயிரம் பேர். அதில் ஐயமில்லை. ஆனால் 2006க்குப் பிறகு வன்னியில் 'வீட்டுக்கு ஒருத்தர்' என்பது நடைமுறையானது. போர் இறுகிய 2008இல் ஒருவரோடு நிற்கவில்லை. மனித உரிமைகள் கண்காணிப்பகம் அந்த டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இதைப் பதிவு செய்தது, 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, கடைசி மாதங்களில் 14 வயதுப் பிள்ளைகள்வரை கொண்டுபோனார்கள் என்றது. அறிக்கை சொல்வதைவிட அந்த மண்ணின் பேச்சு துல்லியமானது. 'பிள்ளை பிடிக்கினம்' என்றார்கள். பெற்றோர் பிள்ளைகளைப் பங்கருக்குள் ஒளித்தார்கள், காட்டுக்குள் அனுப்பினார்கள், கல்யாணமானவரை எடுக்கமாட்டார்கள் என்று பதினாறு பதினேழு வயதில் கட்டிவைத்தார்கள். பிடிபட்ட பிள்ளைகள் சொற்ப நாள் பயிற்சியோடு முன்னரங்குக்குப் போனார்கள். 2009 மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது அவர்களில் பலர் இல்லை. அந்த இயக்கத்தின் மகளிர் அரசியல் பொறுப்பாளராக இருந்த தமிழினி, தன் மறைவுக்குப் பின் 2016இல் வெளியான நூலில் இந்தக் கட்டாய ஆட்சேர்ப்பைப் பற்றி வலியோடு எழுதியிருக்கிறார்.

இப்படிப் பிடிபட்ட பிள்ளையை நினைவுகூர்வதுதான் இருப்பதிலேயே கடினம். புலிகளின் கல்லறைத் தோட்டங்களான மாவீரர் துயிலும் இல்லங்களை இலங்கை அரசு இடித்துத் தள்ளியது. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் கல்லறைகளை அகற்றி அந்த நிலத்தின் மேலேயே படைத் தலைமையகம் கட்டி 2011இல் திறந்தார்கள். செத்தவனின் கல்லை உடைப்பது எந்தப் போர் முறையிலும் சேராத கொடுமை. அழ ஓர் இடம் இல்லாமல் தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2016 முதல் சில இடங்களில் புதரை வெட்டி, உடைந்த கற்களைக் குவித்து, மாவீரர் நாளான நவம்பர் 27 மாலையில் விளக்கேற்றுகிறார்கள்.

அங்கே ஏற்றும் விளக்குகளில் பிடித்துக்கொண்டு போன பிள்ளைக்கு ஏற்றியதும் உண்டு. மேடையில் அவன் மாவீரன். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதை அரசு சொல்லும்போது அதற்கு ஓர் உள்நோக்கம் இருக்கிறது. தாய் சொல்ல நினைத்தால், சொந்தச் சனமே முகம் சுளிக்கும் என்ற பயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் அடைத்த வழியில் அவள் வாய் மூடிக்கொள்கிறாள். தமிழ்நாட்டில் மேடை போட்டுப் பேசுகிற நமக்கு இதில் பங்கு உண்டு. அவளிடம் கேட்க வேண்டிய கேள்வியை நாம் கேட்கவில்லை. பிள்ளையை எந்தத் தேதியில், எங்கே வைத்துக் கொண்டுபோனார்கள், போகும்போது என்ன உடுத்தியிருந்தான் என்று கேட்டு எழுதினால் அவன் வீரம் குறைந்துவிடாது. போக விரும்பாத ஒரு பிள்ளை குண்டு மழையில் நின்றான் என்றால், அவனிடம் நமக்குள்ள கடன் கூடத்தான் செய்யும்.

5

கடைசியாக, நம்மால் ஆகக்கூடிய வேலை ஒன்று.

லாகூர் அருங்காட்சியகத்தில் தூசியடைந்து கிடந்த பஞ்சாப் பதிவேடுகளில், முதல் உலகப் போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் விவரம் ஊர்வாரியாக இருந்தது. அதைப் படியெடுத்து 2021இல் பொதுவில் வைக்கத் தொடங்கியதும், பிரிட்டனில் குடியேறிய பஞ்சாபிக் குடும்பங்கள் பாட்டன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தன. சென்னை மாகாணத்துக்கு அப்படித் தேட வேண்டிய இடங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகமும், பெங்களூருவில் உள்ள சாப்பர் படையின் தலைமையிடமும், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலும். அந்தப் பட்டியலில் இந்திய வீரர்கள் பலருக்குத் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் குறித்திருக்கிறார்கள்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகிய ஐந்து இடங்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். பெயர் கிடைத்தால், கல்லில் அவன் பெற்றோர் பெயரோடு அவன் முன்பு பார்த்த வேலை, அந்த வேலையில் வாங்கிய கூலி, படையில் சேர்ந்த நாள், அந்த நாளில் அரிசி விற்ற விலை ஆகியவையும் வர வேண்டும். செத்த இடமும் படைப்பிரிவும் அதற்குப் பிறகு வரட்டும்.

இதில் இந்தப் பகுதிக்காரர்களால் மட்டுமே ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்தவர்கள் படைக் குமாஸ்தாக்கள். அவர்கள் எழுதிய குப்பம் எது, தெரு எது, பேட்டை எது என்பதைப் படித்தவுடன் சொல்லக்கூடியவர்கள் காசிமேட்டிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இருக்கும் எழுபது எண்பது வயதுக்காரர்கள். பட்டியலை அச்செடுத்து அவர்களிடம் கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டும் வேலையை, இங்கே வந்திருக்கும் கல்லூரி மாணவர்கள் அடுத்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.